கீழ் வலது மூலை

பன்றி இறைச்சி உருண்டை சூப்பில் இரண்டாவது உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஷாவ்-யெனுக்கு அந்த வாத்து ஞாபகம் வந்தது. உருண்டை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கேண்டீனின் மறுகோடியில் வென் அக்கா அப்போதுதான் எழுந்து நின்று அறிவித்திருந்தார். "முதல் சில்லை யாருக்கு வைக்கப்போறாங்கன்னு ஆஸ்பத்திரியில முடிவு பண்ணிட்டாங்க. எங்க அப்பாவுக்கு. வலது கண்ணுல. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஷாவ்-யென் இருமினான்.

"என்னடா, சந்தோஷத்துல புரையேறிடுச்சா?" என்று பக்கத்தில் இருந்த ஃபான் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"ஆமா," என்றான் ஷாவ்-யென். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதை வென் அக்காவும் பார்த்துவிட்டார். தன் அப்பாவுக்காக ஒருத்தன் கண் கலங்குகிறானே என்று அவர் முகம் இளகியது. மேனேஜராகி ஒன்பது வருடத்தில் அந்த முகம் இளகி யாரும் பார்த்ததில்லை.

சின்ச்சு நகரத்தில் சில்லு செய்கிற கம்பெனிகளுக்குப் பஞ்சமா என்ன! இவர்களுடையது அதில் ஒரு குட்டிக் கம்பெனி. எள்ளளவுக்கு ஒரே ஒரு சில்லு செய்கிறார்கள். கண் அழுத்த நோய் இருப்பவர்களின் கண்ணுக்குள் அதை வைத்துவிட்டால், அழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் அது வெளியே சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சில்லுக்குள் ஓடும் கம்பிகளைக் கணினியில் வரைவது ஷாவ்-யெனின் வேலை. வரைந்ததை ஒளியால் சிலிக்கான் தட்டில் பதிப்பார்கள். எதை வரைந்தாலும் அது அப்படியே பதியும். கம்பியை வரைந்தால் கம்பி. வாத்தை வரைந்தால் வாத்து.

வாத்தை அவன் சும்மா வரையவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் ஜப்பானிலிருந்து வந்திருந்த ஆறு பேருக்கு எதிரில், ஒரு கம்பி கொஞ்சம் விலகியிருந்ததற்காக, வென் அக்கா அவனைப் பிடித்துக்கொண்டார். "உன் கண்ணை முகத்துக்கு அழகா இருக்கட்டும்னு வச்சிருக்கியா, இல்ல எதையாவது பார்க்கறதுக்கும் உபயோகப்படுத்துவியா?" என்று கேட்டார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாத மனிதர். அதையும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். ஆறு பேரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, சில்லில் தான் வரையும் அடுக்கின் மூலையில், தலைமுடியின் பாதித் தடிமனுக்குள் ஒரு வாத்தை வரைந்தான். கழுத்தை நீட்டிக்கொண்டு, அலகைத் திறந்துகொண்டு, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தது வாத்து. அந்தக் கட்டடத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி ஒருவருக்குத்தான் உண்டு. கீழே 'நாள் பூரா கத்தும்' என்றும் எழுதினான். மனசு ஆறியது. காலையில் வந்து அழித்துவிடலாம் என்று வீட்டுக்குப் போனான். காலையில் வேறு நூறு வேலை வந்து விழுந்தது.

இப்போது அந்த வாத்து நாலாயிரம் சில்லுகளில் இருக்கிறது. அதில் ஒன்று அடுத்த செவ்வாய்க்கிழமை வென் அக்காவின் அப்பா கண்ணுக்குள் போகப்போகிறது.

சில்லில் படம் வரைவது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு பழைய வியாதி. எங்கோ ஒருத்தர் வரைந்த முயல் இரண்டு கம்பிகளை ஒட்டவைத்து, தட்டுத் தட்டாகச் சில்லுகள் குப்பைக்குப் போன கதையை எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் காப்பி எந்திரத்துக்கு மேலே 'சில்லில் படம் வரைபவர் அன்றே வீட்டுக்குப் போகலாம்' என்று ஒரு அறிவிப்பு. வென் அக்கா கையெழுத்து, தரப் பரிசோதனை கூ அண்ணன் கையெழுத்து, இரண்டும் அதில் உண்டு.

வேலை போனால்கூடப் போகட்டும். ஆனால் அந்தப் பெரிய மனுஷன் இனிமேல் தன் மகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாத்தையும் கண்ணுக்குள் வைத்துக்கொண்டல்லவா பார்ப்பார்? அதை நினைத்ததும் ஷாவ்-யெனுக்குக் காதுமடல் வரைக்கும் சுட்டது. சீ, என்ன பிறவி நான் என்று மீதி சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதைச் சொல்லிவிட வேண்டும். சில்லின் மூலையை உலகத்தில் யாரும் பார்ப்பதில்லை. ஒரு சில்லுக்கு நாலு அடுக்கு, நாலு அடுக்குக்கு நாலு பேர். ஆளுக்கொரு மூலையில் தங்கள் அடுக்கின் அடையாளக் குறியைப் போட்டுக்கொள்வார்கள். மேல் இடது ஃபானுடையது. கீழ் இடது கூ அண்ணனுடையது. மேல் வலது வென் அக்காவுடையது. மேனேஜர் ஆன பிறகும் கடைசி அடுக்கை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கீழ் வலது ஷாவ்-யெனுடையது. அடுத்தவன் அடுக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. தன்னுடையதைப் பார்த்து முடிப்பதற்குள்ளேயே விழி பிதுங்கிவிடும்.

ஆனால் மனசு குறுகுறுக்கிறவனால் சும்மா இருக்க முடியுமா? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பன்னிரண்டு சில்லுகளும் எப்படியாவது ஒரு மணி நேரம் தன் கைக்கு வந்துவிட்டால் போதும், வாத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். பழுது இருப்பதாகச் சந்தேகம் என்று ஒரு படிவம் கொடுத்தால், சில்லுகள் பரிசோதனைக்காக வரைந்தவனிடமே திரும்பி வரும். அதுதான் வழக்கம். படிவத்தில் 'எந்த மூலை' என்று ஒரு கட்டம் இருந்தது. கீழ் வலது என்று எழுதப் போனவன், அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தான். மேல் இடது என்று எழுதிவிட்டான்.

எழுதிய பிறகுதான் அது ஃபானின் மூலை என்று உறைத்தது. அதற்குள் படிவம் போய்விட்டது.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, காலைக் கூட்டத்தில் வென் அக்கா அந்தப் படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதைப் பாருங்க எல்லாரும். நாலு மாசம் கழிச்சு, யாரும் கேக்காமலே, ஒருத்தன் தானா முன்வந்து பழுது இருக்கலாம்னு சொல்லியிருக்கான். எங்க அப்பா கண்ணைக் காப்பாத்தணும்னு நேத்து சோறுகூட சாப்பிடாம எந்திரிச்சுப் போனான். நான் பார்த்தேன். ஷாவ்-யென், அன்னிக்கு ஜப்பான்காரங்க முன்னாடி நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கோ."

ஒன்பது வருடத்தில் வென் அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஷாவ்-யெனுக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம் அக்கா."

"பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம்!"

"அப்போ அந்தச் சில்லை எல்லாம் நானே ஒரு தடவை..."

"நீ எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றார் கூ அண்ணன். தரப் பரிசோதனையில் இருபத்திரண்டு வருடம் பழுத்தவர். "பன்னிரண்டையும் அலமாரியில வச்சுப் பூட்டியாச்சு. சிவப்புச் சீட்டும் ஒட்டியாச்சு. சாவி என் கழுத்துல. லீ-ஹுவா மைக்ராஸ்கோப்புல பார்த்துடுவா."

ஃபானின் முகம் என்னவோ போல் ஆகியிருந்தது. "என் மூலையா? என் மூலையில பழுதா? நல்லாப் பார்த்தியாடா?" என்று கேட்டான். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஷாவ்-யெனின் கல்யாணத்தில் மோதிரத்தை எடுத்துக் கொடுத்தவன் ஃபான்தான். அவன் தலையில் போய்ப் பழியைப் போட்டிருக்கிறோமே என்று ஷாவ்-யெனுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

லீ-ஹுவா அக்கா மைக்ராஸ்கோப் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அம்மாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், கேட்காததைப் பேச மாட்டார். பதினோரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். கூ அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டார்.

"மேல் இடது மூலை பார்த்தாச்சு."

"பழுது இருக்கா?"

"பழுது ஒண்ணும் இல்ல."

ஃபான் நாற்காலியில் அப்படியே சரிந்து பெருமூச்சு விட்டான். உடனே நிமிர்ந்துகொண்டான். "அப்போ இவன் தட்டைத் திருப்பி வச்சுப் பார்த்திருப்பான் அண்ணே. வேற மூலையா இருக்கும்."

ஷாவ்-யென் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "ஆமாமா, தலைகீழா வச்சுட்டேன் போல."

"தலைகீழான்னா மேல் இடது எங்கே வரும்? கீழ் வலதுக்கு வரும்," என்றார் கூ அண்ணன், காகிதத்தில் ஒரு சதுரம் போட்டு அதைத் திருப்பியபடி. "அது உன் மூலையில்ல?"

ஷாவ்-யென் அந்தக் காகிதத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இல்ல அண்ணே, முழுசாத் தலைகீழா இல்ல. கால் சுத்துதான் திருப்பியிருப்பேன். கால் சுத்துன்னா..."

"கீழ் இடது," என்றான் ஃபான் அவசரமாக.

கூ அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தார். "கீழ் இடது என்னோடது."

"மன்னிச்சுக்கங்க அண்ணே."

"மன்னிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு?" என்றார் கூ அண்ணன். ஆனால் அவர் கைக்குட்டையை எடுத்துப் பிடரியைத் துடைத்துக்கொண்டார். ஏசி அறையில் வியர்க்கிறதே மனுஷனுக்கு! ஓய்வுபெற இன்னும் இரண்டே வருடம் இருக்கும் ஒருவருடைய பெயரைக் கெடுத்துவிட்டேனே என்று ஷாவ்-யென் கூனிக்குறுகினான். அன்று மத்தியானமும் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதையும் வென் அக்கா பார்த்துவிட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு லீ-ஹுவா அக்கா கூப்பிட்டார். "கீழ் இடது பார்த்தாச்சு. பழுது ஒண்ணும் இல்ல."

"விஷயம் முடிஞ்சுது!" என்று கூ அண்ணன் துள்ளி எழுந்தார். "கோப்பை மூடிடலாம். ஷாவ்-யென் ஏதோ தூசியைப் பார்த்துட்டான்."

"ஆமா, தூசிதான், தூசியேதான்," என்றான் ஷாவ்-யென்.

"சாதாரணத் தூசி," என்றான் ஃபான்.

மூன்று பேரும் அப்படி ஒரு குரலாகப் பேசி அந்தக் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. வென் அக்கா மட்டும் அசையவில்லை.

"உங்க யாரோட அப்பா கண்ணாவது இதுன்னா இப்படித் தூசின்னு விட்டுடுவீங்களா?"

  கூ அண்ணன்தான் இருமிக்கொண்டு ஆரம்பித்தார். "கால் சுத்துங்கறது அந்தப் பக்கமும் இருக்கலாம், இந்தப் பக்கமும் இருக்கலாம். இந்தப் பக்கம்னா மேல் வலது வரும். அது... வந்து... உங்களோட மூலை."

வென் அக்கா கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "என் மூலையில எதுவும் இருக்காது. நானே பார்த்து அனுப்பினது."

"நாங்களும் அவங்கவங்க மூலையைப் பார்த்துதான் அனுப்பினோம்," என்றார் கூ அண்ணன் மெதுவாக.

"சரி. அதையும் பார்க்கச் சொல்லுங்க." குரல் விறைப்பாக வந்தது. சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மேனேஜர் மேலேயே சந்தேகம் வர வைத்துவிட்டோம், அவமானத்தில்தான் எழுந்து போகிறார் என்று ஷாவ்-யென் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

புதன்கிழமை காலை மூன்றாவது தகவலும் வந்தது. "மேல் வலது பார்த்தாச்சு. பழுது ஒண்ணும் இல்ல."

ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றிருந்த வென் அக்கா கண்ணை மூடித் திறந்தார். பிறகு பழைய வென் அக்காவாக நிமிர்ந்தார். "அப்போ மிச்சம் ஒரே ஒரு மூலைதான். கீழ் வலது. லீ-ஹுவா அக்கா, அதை இப்போ பார்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமை அப்பா வர்றாரு. தன் கண்ணுக்குள்ள என்ன போகுதுன்னு ஒரு தடவை நேர்ல பார்க்கணுமாம். பெரிய திரையில போட்டு, எல்லாரையும் வச்சுக்கிட்டு, அந்த மூலையைப் பார்ப்போம். அப்படியே முழுச் சில்லையும் ஒரு சுத்துக் காட்டிடலாம்."

"எல்லாரும் எதுக்கு அக்கா?" என்றான் ஷாவ்-யென்.

"உன் நேர்மைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

ஆக, உலகத்தில் யாருமே பார்த்திருக்காத ஒரு மூலையை, நாலு மீட்டர் திரையில், சம்பந்தப்பட்ட பெண்மணிக்கும் அவருடைய அப்பாவுக்கும் எதிரில் போட்டுக் காட்டுகிற அளவுக்கு ஷாவ்-யென் மூன்றே நாளில் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். வேறொருவன் முயற்சி செய்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக முடிந்திருக்காது.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை மைக்ராஸ்கோப் கெட்டுப்போவதுதான்.

இந்த ஊரில் எந்த எந்திரத்தின் தலையிலும் பச்சைப் பாக்கெட் சோளப்பொரி ஒன்று உட்கார்ந்திருக்கும். தேங்காய் வாசனை வரும் பொரி. பச்சை இருந்தால் எந்திரம் சமர்த்தாக ஓடும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் முரண்டு பிடிக்கும். தேதி முடிந்துபோன பச்சை வைத்தாலும் கோபித்துக்கொள்ளும். அமெரிக்காவில் போய் முனைவர் பட்டம் வாங்கிவந்தவர்கள்கூட இந்த விஷயத்தில் விளையாட மாட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம், விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு மொத்த ஆபீசும் மேசையில் தலை வைத்துத் தூங்கும் அரை மணி நேரத்தில், ஷாவ்-யென் ஒரு சிவப்புப் பாக்கெட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப் அறைக்குள் பூனை போல நுழைந்தான். பச்சையை எடுக்கக் கையை நீட்டினால், அங்கே ஏற்கெனவே மஞ்சள் பாக்கெட் இருந்தது. கடையில் நிறம் பார்க்காமல் எவனோ வாங்கி வந்திருக்கிறான், சுத்தக் கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டான். எதற்கும் இருக்கட்டும் என்று மஞ்சளை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்தான். மஞ்சளை எங்கே போடுவது? மாடிப்படிக்கு அடியில் நின்று முழுப் பாக்கெட்டையும் தின்று தீர்த்தான். முப்பத்தாறு வயதில், முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவன், மாடிப்படிக்கு அடியில் நின்று தடயத்தைத் தின்றுகொண்டிருக்கிறான். அவன் மனைவி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துவிட்டு, யோசித்ததற்காகவும் வெட்கப்பட்டான்.

மைக்ராஸ்கோப் கெடவில்லை. வாங்கிய நாளிலிருந்து இவ்வளவு தெளிவாக அது எதையும் காட்டியதே இல்லை என்று லீ-ஹுவா அக்கா சொன்னாராம். ஆனால் சிவப்புப் பாக்கெட்டை யாரோ பார்த்துவிட்டார்கள். நாலு மணிக்கு வென் அக்கா மறுபடி கூட்டம் போட்டார்.

"நம்ம கம்பெனிக்குள்ளேயே ஒரு துரோகி இருக்கான். மைக்ராஸ்கோப் மேல சிவப்புப் பாக்கெட்டை வச்சிருக்கான்."

"சிவப்பா?" என்றான் ஃபான் திடுக்கிட்டு. "மஞ்சள் இல்லையா?"

"மஞ்சளா? நான் வச்ச..." என்று கூ அண்ணன் ஆரம்பித்து, இருமி, "நான் வச்ச பச்சை எங்கே போச்சு?" என்று முடித்தார்.

ஷாவ்-யெனுக்கு இதெல்லாம் காதில் விழுகிற நிலைமையா? அவன் வாயில் இன்னும் பொரி வாசனை அடிக்கிறதோ என்று உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு உங்கள்ல யாரு மேலயும் இப்போ நம்பிக்கை இல்ல," என்றார் வென் அக்கா. "ஷாவ்-யென் ஒருத்தனைத் தவிர. ஷாவ்-யென், அந்தத் துரோகி யாருன்னு கண்டுபிடிக்க வேண்டியது உன் பொறுப்பு."

"சரி அக்கா," என்றான் துரோகி, உதட்டைப் பாதி திறந்து.

வெள்ளிக்கிழமை காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. வென் அக்காவின் அப்பா தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையில் உலர்த்திய சீமைப்பனிச்சைப் பழம் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். எண்பத்தொரு வயது. முப்பது வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். உள்ளே வந்ததும், "எந்தப் பையன் அது?" என்று கேட்டார்.

"இவன்தான்பா," என்று வென் அக்கா ஷாவ்-யெனைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

பெரியவர் பெட்டியை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார். "எங்க வீட்டுக் கூரையில நானே காய வச்சது. என் கண்ணுக்காக வாரம் பூரா நீ சாப்பிடலையாமே. எம்பொண்ணு தினமும் உன்னைப் பத்தித்தான் பேசுறா. வாய் கொஞ்சம் பெரிசு அவளுக்கு, மனசுல ஒண்ணும் இருக்காது."

"தெரியும் பெரியப்பா," என்றான்.  அந்தப் பழப் பெட்டி அவனுக்குப் பாறாங்கல்லாகக் கனத்தது. இதற்கு அந்த மனுஷர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

எல்லோரும் திரைக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், மைக்ராஸ்கோப் அறையில், லீ-ஹுவா அக்கா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எந்திரத்தின் தலையில் இப்போது மூன்று பச்சைப் பாக்கெட்டுகள் இருந்தன. மூன்றிலும் கூ அண்ணன் கையெழுத்து.

திரையில் சில்லின் நடுப்பகுதி வந்தது. சாம்பல் நிறத்தில் வரிவரியாகக் கம்பிகள் ஓடின.

"அப்பா, இதுதான் உங்க கண்ணுல இருந்து வெளியில பேசப்போற கம்பி. இதை வரைஞ்சதும் இவன்தான்."

"கோணல்மாணல் இல்லாம எவ்வளவு நேரா இருக்கு!" என்றார் பெரியவர். அவருக்கு உண்மையில் எவ்வளவு தெரிந்ததோ. அரைக் கண்ணை மூடி, முகத்தைச் சாய்த்து, எதிரே வரும் பஸ்ஸுக்கு வழி விடுபவர் போலப் பார்த்தார்.

"லீ-ஹுவா அக்கா, இப்போ கீழ் வலதுக்குப் போங்க."

படம் நகர ஆரம்பித்தது. கம்பிகள் ஒன்றொன்றாகத் திரையை விட்டு வெளியேறின. ஷாவ்-யென் மடியிலிருந்த பழப் பெட்டியைப் பார்த்தான். ஃபானைப் பார்த்தான், அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூ அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இவர்கள் இரண்டு பேரும் தன்னால் இந்த ஒரு வாரம் பட்ட பாடு! அந்தக் கத்துகிற பெண்மணி தன் தட்டில் வைத்துவிட்டுப் போன முட்டை! இனிமேல் தாங்காது என்று ஆகிவிட்டது அவனுக்கு.

"நிறுத்துங்க!" என்று எழுந்தான்.

படம் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். ஷாவ்-யென் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு, வென் அக்காவுக்கு எதிரில் போய், இடுப்பு வரைக்கும் குனிந்தான். குனிந்தபடியே பேசினான். நிமிர்ந்து பேசுவதற்கு அவனிடம் முகம் இல்லை.

"அக்கா, எந்த மூலையிலயும் பழுது கிடையாது. நான் பொய் சொன்னேன். என் மூலையில ஒரு படம் இருக்கு. வாத்து. கயிறு கட்டின மூக்குக்கண்ணாடி போட்ட வாத்து. ஜப்பான்காரங்க வந்த அன்னிக்குக் கோவத்துல வரைஞ்சேன். அழிக்க மறந்துட்டேன். அது உங்க அப்பா கண்ணுக்குள்ள போகப்போகுதுன்னு தெரிஞ்சதும், எப்படியாவது எடுத்துடலாம்னு ஃபான் மேல பழியைப் போட்டேன். கூ அண்ணன் மேல போட்டேன். உங்க மேலயும் போட்டேன். சிவப்புப் பாக்கெட்டும் நான்தான். மஞ்சளைத் தின்னதும் நான்தான். உங்க நேர்மையான ஆளு நான் இல்ல அக்கா. இப்பவே வீட்டுக்குப் போயிடறேன். பெரியப்பா, உங்க பழத்தை நான் எடுத்துக்கல."

 ஷாவ்-யென் தரையையே பார்த்தபடி காத்திருந்தான். வெடிக்கட்டும், கத்தட்டும், நாள் பூராவும்கூடக் கத்தட்டும் என்று காத்திருந்தான். வென் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்த நிலையிலேயே அவன் லேசாகத் தலையைத் திருப்பிப் பார்த்தான். வென் அக்காவின் முகம் கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. பக்கத்தில் ஃபானும் அப்படித்தான் இருந்தான். கூ அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

"என்ன சொல்றான் இவன்? வாத்தா?" என்று பெரியவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார். "என் கண்ணுக்குள்ள வாத்தா போகுது?"

 கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்பீக்கர் கரகரத்தது. இந்த ஒரு வாரத்தில் தன்னிடம் ஒழுங்காக ஒரு கேள்வி கேட்டது இந்தப் பெரியவர் மட்டும்தான் என்பது போல, லீ-ஹுவா அக்கா நிதானமாகப் பதில் சொன்னார்.

"வாத்து மட்டும் இல்லீங்க பெரியவரே, மேல் இடதுல ஒரு குரங்கு இருக்கு, கீழ் இடதுல ஒரு ஆமை இருக்கு, உங்க பொண்ணோட மூலையில ஒரு பன்னி இருக்கு, பன்னிக்குக் கீழே இந்தத் தம்பியோட பேரு எழுதியிருக்கு."